'டயட்ல தோத்ததுக்கு ஆதாரம் இருக்கா?' - எடைக்குறைப்பு ஆபரேஷனும் இன்ஷூரன்ஸ் கேட்கும் கேள்வியும்

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் வன்னியம்பட்டியிலிருந்து அக்காவின் போன். என் பெரியம்மா மகள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். கேஷ்லெஸ் அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பிய கோரிக்கைக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. நிராகரிப்பு.

காரணம் ஒரே வரிதான். அறுவை சிகிச்சை அல்லாத எடைக்குறைப்பு முறைகளை முயன்று அவை தோல்வியடைந்ததற்கான ஆவணம் இணைக்கப்படவில்லை.

"ஏன்டா தம்பி, இத்தன வருசமா மெலியலங்கிறதுக்கு என்னைய விட என்ன ஆதாரம் வேணும்? நேர்ல வந்து பாக்கச் சொல்லு" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஆபரேஷனுக்காக அத்தானிடம் லீவு போடச் சொல்லி, பிள்ளைகளை ராஜபாளையத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, பை எல்லாம் கட்டி வைத்திருந்தவர் அவர்.

அக்காவுக்கு 38 வயது. உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம். மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாக எடுத்தபோது 9.4. மாத்திரை போதாமல் இன்சுலினும் ஆரம்பித்தாயிற்று. இவருக்கே இல்லை என்றால் வேறு யாருக்குத்தான் கொடுப்பார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. பாலிசி டாக்குமென்டை எடுத்து உட்கார்ந்து படித்தேன். அதன்பிறகு வந்த கோபம் வேறு மாதிரி. ஏனென்றால் அந்த நிறுவனம் விதியை மீறவில்லை. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஆறாம் நம்பர் விலக்கு

ஒரு காலத்தில் 'உடல் பருமன் சிகிச்சை' என்றாலே ஹெல்த் பாலிசிகளில் கிடையாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, நிறுவனங்கள் எதையெல்லாம் விலக்கலாம், அதை எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்று பொதுவான விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஆறாவது எண் கொண்ட விலக்குதான் உடல் பருமன். உங்கள் பாலிசி பிடிஎஃபைத் திறந்து 'ஒபிசிட்டி' என்று தேடினால் பெரும்பாலும் இதே வாசகம் வரும்.

அது சொல்வது இது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது, சில நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியானால் தவிர. டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் பிரச்சினை இல்லை. நாலாவதுதான் விஷயம்: பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் 35-ஐத் தொட்டிருக்க வேண்டும். கூடவே நான்கு நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். அதோடு, உடலை அறுக்காத மற்ற எடைக்குறைப்பு முறைகள் தோற்றிருக்க வேண்டும். அந்த நான்கு நோய்கள்: பருமனால் வந்த இதயத்தசை பாதிப்பு, இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை.

கிலோ கணக்கில் சொன்னால்தான் இது புரியும். அக்காவின் 158 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ 40 என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ. 35 என்றால் 87 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அக்காவின் பிஎம்ஐ 38.5. இன்னும் நாலு கிலோ கூடியிருந்தால் தோல்விக்கான ஆதாரமே தேவைப்பட்டிருக்காது. விதியின் எழுத்துப்படி அந்த நிபந்தனை 35-க்கான பிரிவோடுதான் ஒட்டியிருக்கிறது, 40-க்கான பிரிவோடு அல்ல. "அப்ப நாலு கிலோ ஏத்திட்டு வரவா?" என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு நாலு கிலோ ஏற்றுவது பெரிய காரியமா என்ன, பால்கோவா கடை நாலடிக்கு ஒன்று இருக்கிறது.

அந்த நான்கு நோய்களின் பட்டியலையும் பாருங்கள். ரத்த அழுத்தம் இல்லை. கல்லீரல் கொழுப்பு இல்லை. நம் வீட்டுப் பெண்கள் அதிகம் சொல்லும் மூட்டுவலி இல்லை. பிசிஓஎஸ் இல்லை. முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாத, பிஎம்ஐ 37 உள்ள ஒருவர் இந்த விதியின் கண்ணுக்கே தெரிய மாட்டார்.

40 எங்கிருந்து வந்தது?

இந்த 40, 35 எண்கள் நம் ஊரில் பிறந்தவை அல்ல. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991-ல் கூட்டிய நிபுணர் குழு சொன்ன அளவுகள் இவை. அப்போது லேப்ராஸ்கோப்பி முறை இவ்வளவு பரவலாக இல்லை. வயிற்றை முழுதாகத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு அந்த எச்சரிக்கை நியாயமானது.

ஆனால் இந்திய உடல் வேறு மாதிரி. அதே பிஎம்ஐ-யில் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23, 27.5 ஆகிய புள்ளிகளிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-லேயே எழுதியது. 2009-ல் இந்திய மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்றது. கடைசியாக 2022-ல் அமெரிக்க மற்றும் சர்வதேச எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர் சங்கங்கள் 1991 அளவுகளையே தூக்கிப்போட்டுவிட்டன. இணை நோய் இருக்கிறதோ இல்லையோ 35 போதும், சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30-லேயே யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவை சிகிச்சையை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்பது அவர்களின் புதிய நிலைப்பாடு.

அக்காவின் உயரத்துக்கு 27.5 என்பது 69 கிலோ. மருத்துவ உலகம் 69-லிருந்து பேச ஆரம்பிக்கிறது. இன்ஷூரன்ஸ் 87-ல் கதவைத் திறக்கிறது. நடுவில் 18 கிலோ. அந்த 18 கிலோவுக்குள் கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று சர்க்கரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

69 கிலோ உள்ள எல்லோருக்கும் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பிஎம்ஐ 25-க்கு மேல். இத்தனை பேருக்கும் கத்தியே தீர்வு என்றால் பிரீமியம் எங்கே போய் நிற்கும் என்று நிறுவனங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடு 1991 அமெரிக்காவில் போட்டதாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

தோல்விக்கு ரசீது

இப்போது அக்காவின் நிராகரிப்புக்கு வருவோம். 'மற்ற முறைகள் தோற்றிருக்க வேண்டும்' என்கிறது விதி. எத்தனை மாத முயற்சி? யார் மேற்பார்வையில்? எத்தனை கிலோ குறையாவிட்டால் தோல்வி? குறைந்து மறுபடி ஏறினால் அது தோல்வியா? எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படாத இடத்தில் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அக்கா முயற்சி செய்யாமல் இல்லை. ஆறு வருடமாக ஒரே டாக்டர். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது "சோத்தக் கொறம்மா, காலைல நடம்மா." அக்கா குறைத்தார், நடந்தார். ஒரு முறை 9 கிலோ குறைந்து, தங்கச்சி கல்யாணம் முடிவதற்குள் 11 கிலோ ஏறியது. யூடியூப் பார்த்து பேலியோ இருந்தார். வன்னியம்பட்டியில் வாக்கிங் போகும் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். இதில் ஒன்றாவது காகிதத்தில் இருக்கிறதா என்று தேடினோம். டாக்டரின் சீட்டுகளில் மாத்திரை பெயர் மட்டும்தான். எடை ஒன்றில்கூட இல்லை. 'உணவுக் கட்டுப்பாடு அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரு வரி இல்லை. பாதிச் சீட்டுகளை மருந்துக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாலைக்கு அறுபது எழுபது பேரைப் பார்க்கும் கிளினிக்கில், வாயால் சொன்னதை எழுதவும் வேண்டும் என்று யார் நினைப்பார்? சென்னையில் கார்ப்பரேட் மருத்துவமனையில் டயட்டீஷியனைப் பார்த்தவருக்கு அப்பாயின்ட்மென்ட், பில், சார்ட் எல்லாம் ஆப்பிலேயே தானாகச் சேர்ந்துவிடுகிறது. நம்மூர் கிளினிக்கில் தோற்றவருக்கு எதுவும் சேர்வதில்லை. இருவரும் கட்டியது ஒரே பிரீமியமாக இருக்கலாம். இந்த நிபந்தனை எடையை அளப்பதைவிட, ஒருவர் எந்த மாதிரி மருத்துவமனைக்குப் போய் வந்தார் என்பதைத்தான் அதிகம் அளக்கிறது.

(சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆபரேஷன் தியேட்டர்களுக்கெல்லாம் போகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் இந்த ஆபரேஷனுக்கு மதுரைக்கு பஸ் ஏற வேண்டும் என்பது ஒரு தனிக் கதை.)

அதனால், உங்களுக்கோ அம்மா அப்பாவுக்கோ இப்படி ஒரு தேவை வரலாம் என்று தோன்றினால், இன்றே செய்ய வேண்டியது காகிதம் சேர்ப்பதுதான். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் உயரம், எடை, தேதி மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒரு டயட்டீஷியனை மாதம் ஒரு முறையாவது பார்த்து பில் வாங்குங்கள். ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை மூன்று மாதத்துக்கு ஒன்று என வரிசையாக வையுங்கள். 'கட்டுக்குள் வராத சர்க்கரை' என்பதற்கும் விதியில் எண் கிடையாது. மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்பதை அந்த வரிசைதான் காட்டும். குறட்டை விட்டு நடுராத்திரி எழுபவர்கள் ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளுங்கள். 'தீவிரம்' என்பது அந்த ரிப்போர்ட்டில்தான் வரும், மனைவி சொல்வதை இன்ஷூரன்ஸ் ஏற்காது.

இன்னொன்று. பிஎம்ஐ எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் விதி சொல்லவில்லை. கல்லீரல் சுருங்க வேண்டும் என்பதற்காக ஆபரேஷனுக்கு முன் சில வாரம் கலோரி குறைந்த உணவு சாப்பிடச் சொல்வார்கள். அதில் எடை குறைந்து, அட்மிட் ஆகும் நாளில் 35-க்குக் கீழே போய்விட்டால்? அந்த டயட் தொடங்கும் முன் இருந்த எடையை சர்ஜன் தன் கடிதத்தில் தேதியோடு எழுத வேண்டும்.

ஊசி விவகாரம் இனிமேல்தான் சூடு பிடிக்கப் போகிறது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. மவுஞ்சாரோ அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000-லிருந்து 17,500. இது புறநோயாளிச் செலவு என்பதால் பெரும்பாலான பாலிசிகள் தராது. ஆனால் 'அறுக்காத முறை' என்ற பட்டியலில் நாளைக்கு இதையும் சேர்த்து, "ஊசி போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்க விதியில் எந்தத் தடையும் இல்லை. தாங்களே பணம் தராத ஒரு சிகிச்சையில் நாம் தோற்றுவிட்டு வர வேண்டும் என்று கேட்பது எப்படி நியாயம்? ஐஆர்டிஏஐ இதை இப்போதே எழுதித் தெளிவாக்க வேண்டும்.

காத்திருப்பு, மறைப்பு, கம்பெனி பாலிசி

பாலிசி எடுத்த மறுமாதமே இதைக் கேட்க முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்பு என்பது 2024 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கென்று தனியாக இரண்டு, மூன்று வருடக் காத்திருப்போ, தொகை உச்சவரம்போ வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. 10 லட்சம் பாலிசி என்றால் இதற்கும் 10 லட்சம் என்று நினைத்துவிடாதீர்கள்.

படிவத்தில் எடையைக் குறைத்துப் போடும் ஏஜென்ட் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 92-ஐ 78 என்று எழுதி பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் செய்து தருவார்கள். க்ளெய்ம் வரும் நாளில் அது உண்மையை மறைத்த குற்றமாகிவிடும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியபிறகு மறைத்துவிட்டதாகச் சொல்லி நிராகரிக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர.

ஐடியில் வேலை பார்க்கிறவர்கள் கம்பெனி குரூப் பாலிசியை ஒரு முறை எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள். நோய்க்கான காத்திருப்பைத் தள்ளுபடி செய்திருக்கும் பாலிசிகள் நிறைய. சிலவற்றில் இந்த ஆபரேஷனுக்கான நிபந்தனைகளும் தளர்ந்திருக்கும். வேலை மாறும் முன் இதைக் கேட்பது புத்திசாலித்தனம். ஆபரேஷனுக்குப் பிறகு தொங்கும் தோலைச் சரிசெய்வது அழகு சிகிச்சை என்ற விலக்கில் போய்விடும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய வைட்டமின் மாத்திரைகளும் பெரும்பாலும் நம் கைக்காசுதான்.

விலை பேசும் இடத்தில்

இன்ஷூரன்ஸ் இல்லை என்றானதும் மக்கள் ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லை. விலை பேச ஆரம்பிக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்த எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து இறந்தார். எடை 150 கிலோ அளவில் இருந்தவர். முதலில் வேறு ஒரு மருத்துவமனையில் எட்டு லட்சம் என்று சொல்லப்பட்டது, பிறகு பாதித் தொகைக்குப் பம்மலில் செய்யலாம் என்று முடிவானது என அப்போது செய்திகள் வந்தன. அரசு விசாரணை நடத்தியது. அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அவருக்கு இன்ஷூரன்ஸ் விவகாரம் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் இத்தனை பெரிய ஆபரேஷனில் எந்த இடம் என்பதை விலை தீர்மானிக்கும் நிலைமைதான் பயமுறுத்துகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவும் அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் மருத்துவமனையா என்று பார்ப்பதற்குப் பதில், எவ்வளவுக்கு முடியும் என்று பார்க்க வைக்கிறது.

சென்னையில் சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது. விருதுநகரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. தென்மாவட்டத்துக்காரர் மதுரையைத் தாண்டாமல் அரசு மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ள முடிகிற நாள் வந்தால், பாதிப் பேர் இந்தக் கட்டுரையைப் படிக்கவே தேவையிருக்காது.

நிராகரித்துவிட்டால்?

போனில் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதே சுற்றறிக்கை, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்றும், எந்த நிபந்தனையின்படி நிராகரிக்கிறோம் என்று குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த எழுத்துபூர்வ காரணம்தான் அடுத்த எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். அதையே ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255-க்குப் போன் செய்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைனில் மனு போடலாம், விசாரணை வீடியோ காலிலும் நடக்கும். 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் நுகர்வோர் ஆணையம் போகலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் வழக்கு நடத்த முடியாது.

நாங்கள் முதல் படியில் இருக்கிறோம். ஆறு வருட மருந்து பில்களை மருந்துக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அக்கா பால்கோவா வாங்கிக்கொடுத்தார். லேபில் பழைய ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்கள் ஐந்து கிடைத்தன. மதுரை சர்ஜன் ஒரு விரிவான கடிதம் எழுதித் தந்திருக்கிறார். எங்கள் மெயிலில் நான் அழுத்திக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை மாதம் முயன்றால் தோல்வி என்று உங்கள் பாலிசியில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடமும் அக்கா போனார், ஆறு வருடமாகச் சொன்ன அறிவுரையைக் கடிதமாகத் தரச் சொல்லி. "நான் சொன்னதெல்லாம் நிஜம்தாம்மா, ஆனா பழைய தேதி போட்டு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சரிதானே. இன்றைய தேதி போட்டு, ஆறு வருடமாகத் தன்னிடம் சிகிச்சை பெறுவதையும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தந்ததையும் எழுதிக் கொடுத்தார். போன வாரம் அக்கா மறுபடி போனபோது, டாக்டரின் மேசைக்குக் கீழே புதிதாக ஒரு எடை மெஷின் இருந்ததாம். எல்லோரையும் ஏறச் சொல்லி, சீட்டின் ஓரத்தில் எடையை எழுதித் தருகிறாராம். அக்காவின் சீட்டில் 97 என்று இருக்கிறது.